எனர்ஜைஸ்: ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பொருளறிந்து கையாளும் முறை

ஒரு ரயில் பாதையை மின்மயமாக்கும் பணி முடியும் தறுவாயில், அப்பகுதி மக்களை எச்சரித்து ரயில்வே நிர்வாகம் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். பாதைக்கு மேலே செல்லும் கம்பிகள் இன்ன தேதியிலிருந்து 25 கிலோவோல்ட் அழுத்தத்தில் ‘எனர்ஜைஸ்’ செய்யப்படும், அன்றுமுதல் அவற்றில் எந்நேரமும் மின்சாரம் இருப்பதாகவே கருத வேண்டும் என்பது அதன் சாரம். அதே நாளிதழின் அரசியல் பக்கத்தில், தலைவர் ஒருவரின் பேச்சு தொண்டர்களை ‘எனர்ஜைஸ்’ செய்ததாகச் செய்தி இருக்கலாம். இணைப்பிதழில் முகப்பூச்சு விளம்பரம் ஒன்று தோலை ‘எனர்ஜைஸ்’ செய்வதாகச் சொல்லலாம். அகராதியைப் புரட்டுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘ஆற்றல் அளி’ என்ற ஒற்றைப் பொருள்தான். அதைக் கம்பிக்கும் தொண்டருக்கும் தோலுக்கும் ஒருசேரப் பொருத்திப் பார்த்தால், எந்த வாக்கியமும் தமிழாக ஒலிக்காது. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும்போதோ சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது: ‘தி காஃபி எனர்ஜைஸ்ட் டு மீ’ என்று எழுதிவிட்டு, எங்கே பிழை என்று தெரியாமல் நிற்கிறோம்.

இந்த இரண்டு தடுமாற்றங்களுக்கும் வேர் ஒன்றே. ஆங்கிலத்தில் தெம்பைத் தருகிற பொருள் எழுவாயாகவும், தெம்பைப் பெறுகிறவர் நேரடிச் செயப்படுபொருளாகவும் நிற்கிறார்கள். தமிழிலோ பெறுகிறவர் ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வாக்கியத்தின் முன்னால் வந்து அமர்ந்துகொள்கிறார். தெம்பு தானாக வருகிறது, பிறக்கிறது, ஊறுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் இவ்வினைச்சொல்லைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்தது.

சொல்லின் பிறப்பு

கிரேக்க மொழியில் ‘எர்கோன்’ என்றால் வேலை. அதிலிருந்து பிறந்த ‘எனெர்கேயா’ என்பது செயலில் ஈடுபட்டிருக்கும் நிலையைக் குறித்தது. அரிஸ்டாட்டில் அதைத் தம் தத்துவத்தின் முக்கியமான கலைச்சொல்லாக ஆக்கினார். லத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘எனர்ஜி’ ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது பேச்சிலும் எழுத்திலும் காணப்படும் வேகத்தையே முதலில் சுட்டியது. இயற்பியலில் இன்று நாம் அறிந்த பொருளுக்கு நெருக்கமாகத் தாமஸ் யங் அச்சொல்லைக் கையாண்ட விரிவுரைகள் 1807இல்தான் அச்சில் வந்தன. ஆனால் ‘எனர்ஜைஸ்’ என்ற வினை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆகவே மனிதரைக் கிளர்ந்தெழச் செய்தல் என்ற பொருளே மூத்தது. கம்பியில் மின்சாரம் செலுத்துதல் என்பது மின்பொறியியல் வளர்ந்த பின் வந்து ஒட்டிக்கொண்ட இளைய பொருள். மின்சாரப் பொருள்தான் அசல், மனிதருக்குச் சொல்வது உருவகம் என்று பலர் நினைப்பது தலைகீழான எண்ணம்.

தமிழிலும் ‘ஆற்றல்’ என்ற சொல் ‘செய்தல்’ என்று பொருள்படும் ‘ஆற்று’ என்ற வினையை ஒட்டியே அமைந்திருக்கிறது: பணியாற்றுகிறோம், தொண்டாற்றுகிறோம், உரையாற்றுகிறோம். தொடர்பற்ற இரண்டு மொழிகள் வேலையிலிருந்தே ஆற்றலுக்குப் பெயர் கண்டிருக்கின்றன. (காபியை ஆற்றுவது வேறு கதை, அது சூட்டைத் தணிப்பது.) இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘எனர்ஜி’யை ‘ஆற்றல்’ என்றும் ‘பவர்’ என்பதைத் ‘திறன்’ என்றும் எழுதுகின்றன, இலங்கைப் பாடநூல்களில் அவை முறையே ‘சக்தி’, ‘வலு’. இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் தருகிறார், யார் பெறுகிறார்

‘எனர்ஜைஸ்’ செயப்படுபொருள் குன்றா வினை. தெம்பு பெறுகிறவரையோ பெறுகிற பொருளையோ சொல்லாமல் வாக்கியம் நிறைவடையாது. ‘தி மார்னிங் வாக் எனர்ஜைஸ்ட் மீ’ என்பது முழு வாக்கியம். ‘தி மார்னிங் வாக் எனர்ஜைஸ்ட்’ என்று நிறுத்தினால், யாரை என்ற கேள்வி காற்றில் தொங்கும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘முனைந்து செயல்படு’ என்ற பொருளில் செயப்படுபொருள் இல்லாமலும் இவ்வினை வந்திருக்கிறது. இன்று அப்படி எழுதுவோர் இல்லையென்றே சொல்லலாம்.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் ‘டு’ வராது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அந்தச் செய்தி எனக்குத் தெம்பு கொடுத்தது’ என்ற தமிழ் வாக்கியத்தில் உள்ள ‘-க்கு’ என்ற உருபு ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ என்று மாறிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறது. ‘கிவ்’ என்ற வினையோடு அது வரலாம்: ‘தி நியூஸ் கேவ் எனர்ஜி டு மீ’ என்பது இலக்கணப்படி தவறன்று, சற்றுச் செயற்கையாக ஒலிக்கும், அவ்வளவே. ‘எனர்ஜைஸ்’ என்ற வினைக்குள் ‘கொடு’ என்பதும் ‘ஆற்றல்’ என்பதும் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அதற்குப் பின்னால் பெறுகிறவரை நேரடியாக வைத்தால் போதும்: ‘தி நியூஸ் எனர்ஜைஸ்ட் மீ.’

இதைவிடப் பெரிய மாற்றம் எழுவாயில் நிகழ்கிறது. ‘காலையில் நடந்துவிட்டு வந்தால் எனக்கு நாள் முழுதும் தெம்பாக இருக்கும்’ என்பது இயல்பான தமிழ். இதில் நடப்பது எச்சமாக ஒதுங்கிக்கொள்கிறது. அனுபவிக்கிறவர் ‘எனக்கு’ என்று நிற்கிறார். தெம்பு அவரிடம் இருக்கிறது. இதே வரிசையில் ஆங்கிலத்தை அமைத்தால் ‘இஃப் ஐ வாக் இன் தி மார்னிங், டு மீ’ என்று தொடங்கி வழி தெரியாமல் நிற்க நேரும். ஆங்கிலத்துக்கு மாற்றும் முன் ஒரு கேள்வியைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் தெம்புக்குக் காரணம் எது? காலை நடை. அதைத் தூக்கி எழுவாய் இடத்தில் வைத்தால் ‘எ மார்னிங் வாக் எனர்ஜைசஸ் மீ ஃபார் தி டே’ என்ற வாக்கியம் தானாக அமைந்துவிடும். ‘நான்’ என்பதில் தொடங்கியே ஆக வேண்டும் என்றால், ‘ஐ ஃபீல் எனர்ஜைஸ்ட் ஆஃப்டர் எ மார்னிங் வாக்’ என்று எழுதலாம். இரண்டும் சரி, முதலாவது நடையைப் பற்றிய வாக்கியம், இரண்டாவது உங்களைப் பற்றியது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இதே பாதையில் திரும்பி வர வேண்டும். ‘தி ரெயின் எனர்ஜைஸ்ட் தி ஃபார்மர்ஸ்’ என்ற வாக்கியத்தை ‘மழை விவசாயிகளை ஆற்றல்படுத்தியது’ என்று மாற்றினால், சொல் ஒவ்வொன்றும் தமிழாக இருந்தும் வாக்கியம் தமிழாக இராது. ‘மழையைக் கண்டதும் விவசாயிகளுக்குத் தெம்பு பிறந்தது’ என்று எழுதுகிறவர் சொல்லுக்குச் சொல் பிறழ்ந்திருக்கிறார். பொருளில் சிறிதும் பிறழவில்லை.

செயப்பாட்டு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்ல ‘பை’ வரும்: ‘தி டீம் வாஸ் எனர்ஜைஸ்ட் பை தி வின்.’ மின்சாரம் பற்றிய வாக்கியத்தில் அழுத்தத்தின் அளவைச் சொல்ல ‘அட்’ வரும். முதலில் சொன்ன ரயில்வே அறிவிப்பில் ‘எனர்ஜைஸ்ட் அட்’ என்று வருவது இதனால்தான்.

மூன்று சாயல்கள், ஓயாத குழப்பம்

விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கிறவர்களுக்கு மிகவும் பழக்கமான பிழை இது. ‘ஐ ஆம் எனர்ஜைசிங்’ என்று ஒருவர் தம்மைப் பற்றி எழுதுகிறார். அவர் சொல்ல வந்தது ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்பது. ஆங்கிலம் அறிந்தவர் படிப்பதோ ‘நான் பிறருக்கு உற்சாகம் தருபவன்’ என்று. ‘போர்ட்’, ‘போரிங்’ என்ற இணையில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்கியிருப்போம். சலித்துப்போனவர் ‘போர்ட்’, சலிப்பூட்டுகிறவர் ‘போரிங்’. அதே கணக்குதான் இங்கும். தெம்பு பெற்றவர் ‘எனர்ஜைஸ்ட்’. தெம்பு தருவது ‘எனர்ஜைசிங்’. குளிர்ந்த நீரில் குளித்து வந்தவர் ‘எனர்ஜைஸ்ட்’ ஆக இருக்கிறார், ஏனென்றால் அந்தக் குளியல் ‘எனர்ஜைசிங்’ ஆக இருந்தது.

இவற்றோடு ‘எனர்ஜெடிக்’ என்ற மூன்றாவது சொல்லும் சேர்ந்துகொள்கிறது. அது ஒருவரின் இயல்பைச் சொல்வது. ஓயாமல் ஓடியாடும் குழந்தை ‘எனர்ஜெடிக்’. அதற்கு யாரும் எதுவும் ஊட்டத் தேவையில்லை. ‘எனர்ஜைஸ்ட்’ என்றால், முன்பு இல்லாத தெம்பு ஏதோவொரு காரணத்தால் வந்திருக்கிறது என்ற சிறு வரலாறு அச்சொல்லுக்குள் இருக்கிறது. தமிழில் ‘துடிப்பானவர்’ என்பதற்கும் ‘தெம்பு பெற்றவர்’ என்பதற்கும் உள்ள தூரம் அது. எனவே ஓர் ஊழியரைப் பற்றிப் பொதுவாகப் பாராட்டி எழுதும்போது ‘எனர்ஜெடிக்’ என்பதே பொருந்தும். விடுமுறை முடிந்து திரும்பியவரைப் பற்றி எழுதும்போது ‘எனர்ஜைஸ்ட்’ பொருந்தும்.

‘ஐ ஆம் எனர்ஜெடிக் டு ஜாயின் யுவர் கம்பெனி’ என்று எழுதுவோரும் உண்டு. பணியில் சேர ஆவலாக இருப்பதைச் சொல்ல ‘ஈகர்’ அல்லது ‘கீன்’ என்ற சொல் வேண்டும். ஆவல் வேறு, ஆற்றல் வேறு. பேச்சுத் தமிழில் ‘ஃபுல் எனர்ஜியா இருக்கேன்’ என்று சொல்லிப் பழகியதன் தாக்கம் ‘ஐ ஆம் ஃபுல் எனர்ஜி’ என்ற வாக்கியமாக வெளிப்படுகிறது. அதில் ‘ஃபுல்’ என்பதற்குப் பின் ‘ஆஃப்’ சேர்த்துவிட்டால் பிழை நீங்கும்.

பயிற்சி முகாம்களுக்குச் சென்றவர்கள் ‘எனர்ஜைசர்’ என்ற பெயர்ச்சொல்லையும் கேட்டிருப்பார்கள். மதிய உணவுக்குப் பின் கண்கள் சொக்கும் வேளையில், எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துக் கைதட்டியோ பாடியோ ஆடச் சொல்லும் ஐந்து நிமிட விளையாட்டுக்கு அந்தப் பெயர். பேட்டரி நிறுவனம் ஒன்றும் அதே சொல்லைத் தன் பெயராக வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லாக ‘எனர்ஜைஸ்மென்ட்’ என்று எழுதுவது தவறு. செயலைக் குறிக்க ‘எனர்ஜைசேஷன்’ உண்டு, அதுவும் பெரும்பாலும் மின்துறை அறிக்கைகளில்தான் வரும்.

சர்க்கரை இல்லாத காபி

ஓர் ஐயம் சிலருக்கு எழும். பாலும் சர்க்கரையும் சேர்க்காத கறுப்புக் காபியில் கலோரி இல்லையென்றே சொல்லலாம். உடலுக்கு எரிபொருளாகக் கூடிய எதுவும் அதில் இல்லாதபோது, ‘காஃபி எனர்ஜைசஸ் மீ’ என்று சொல்வது சரியா? சரிதான். களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் போய் ஒட்டவேண்டிய இடங்களைக் காஃபின் அடைத்துக்கொள்வதால், களைப்பு நமக்குத் தெரியாமல் போகிறது. இவ்வினைச்சொல் சொல்வது உள்ளே சென்ற கிலோஜூல் கணக்கை அன்று. நாம் உணரும் சுறுசுறுப்பை. அதனால்தான் இசை, நல்ல செய்தி, கடற்காற்று ஆகிய எதுவும் இதற்கு எழுவாயாக முடிகிறது.

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் ‘எனர்ஜி’ என்று அச்சிட்டுக் கிலோகலோரி கணக்குக் கொடுத்திருப்பது இதற்கு நேர்மாறு. அங்கே அது கண்டிப்பான அறிவியல் அளவு. ஒரு கிலோகலோரி என்பது 4.184 கிலோஜூல். விளம்பரதாரர்கள் இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள சந்தில் வசதியாக நடமாடுகிறார்கள் என்பது என் கருத்து. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஏப்ரலில், பால், தானிய, மால்ட் பானங்களை இணைய வணிகத் தளங்கள் ‘எனர்ஜி டிரிங்க்’, ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்புகளின்கீழ் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது

இந்த வினைக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவதைக் கைவிட்டுவிட்டு, பெறுகிறவர் யார் அல்லது எது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெறுவது உடல் என்றால் ‘தெம்பு’, ‘வலு’, ‘புத்துணர்ச்சி’. பெறுவது மனம் என்றால் ‘ஊக்கம்’, ‘உற்சாகம்’. கூட்டமோ இயக்கமோ என்றால் ‘எழுச்சி’, ‘வேகம்’. நலிந்து கிடந்த தொழிலோ பொருளாதாரமோ என்றால் ‘உயிர்’, ‘உந்துதல்’. கம்பியோ கருவியோ என்றால் ‘மின்சாரம்’.

பெயரைத் தேர்ந்த பின் அதை வினையாக்க நமக்கு அருமையான ஒரு துணைவினை இருக்கிறது: ஊட்டு. உண்பதற்கு இணையான பிறவினை அது. தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அதையே கொண்டு ஊக்கமூட்டுகிறோம், வலுவூட்டுகிறோம், உயிரூட்டுகிறோம், எழுச்சியூட்டுகிறோம். ‘ஊட்டு’ வரும்போது பெறுகிறவர் நான்காம் வேற்றுமையில்தான் நிற்க வேண்டும்: ‘தொண்டர்களுக்கு உற்சாகமூட்டினார்.’ ஊடகங்களில் ‘தொண்டர்களை உற்சாகமூட்டினார்’ என்று அடிக்கடி வருகிறது. ஆங்கிலத்தில் தொண்டர்கள் நேரடிச் செயப்படுபொருளாக இருந்ததன் சுவடு அந்த ‘-ஐ’. இரண்டாம் வேற்றுமைதான் வேண்டும் என்றால் துணைவினையை மாற்றிக்கொள்ள வேண்டும்: ‘தொண்டர்களை உற்சாகப்படுத்தினார்.’ ‘படுத்து’ என்பது ‘-ஐ’ கேட்கும். ‘ஊட்டு’, ‘அளி’, ‘கொடு’ ஆகியவை ‘-க்கு’ கேட்கும். மொழிபெயர்ப்பாளர்கள் மேசையில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளத் தக்க விதி இது.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் ‘எனர்ஜைஸ் தி பேஸ்’ என்ற தொடரை அடிக்கடி காணலாம். ‘அடித்தளத்துக்கு ஆற்றல் அளித்தல்’ என்று பெயர்த்தால் கட்டுமானப் பணி போல ஒலிக்கும். ‘பேஸ்’ என்பது ஒரு கட்சியை எப்போதும் விட்டுக்கொடுக்காத ஆதரவாளர் கூட்டம். அவர்கள் எதிர்க்கட்சிக்கு வாக்களிக்க மாட்டார்கள். ஆனால் ஆர்வம் குன்றினால் வாக்குச்சாவடிக்கே வராமல் இருந்துவிடக்கூடும். அங்கே வாக்களிப்பது கட்டாயமில்லை என்பதால், நடுநிலையாளரை இழுப்பதோடு தம்மவரை வீட்டிலிருந்து கிளப்புவதும் பிரசாரத்தின் பெரும் வேலையாகிறது. ‘சொந்த ஆதரவாளர்களைத் தட்டியெழுப்புதல்’ என்பதே அதன் தமிழ்.

முகப்பூச்சு விளம்பரத்தில் தோல் ‘எனர்ஜைஸ்’ ஆவதைத் தமிழாக்க வேண்டி வந்தால், ‘தோலுக்குப் புத்துணர்ச்சி’ என்று எழுதிவிட்டு நகரலாம். அந்தச் சொற்றொடருக்கு அதற்கு மேல் பொருள் இருப்பதாகத் தெரியவில்லை.

மின்சாரத்தில் மட்டும் கவனம் இரட்டிப்பாக

மற்ற இடங்களில் சொல் பிறழ்ந்தால் நடை கெடும். இங்கே பிறழ்ந்தால் உயிர் போகும். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கம்பி அல்லது கருவி மின்வழங்கலோடு இணைக்கப்பட்டு, அதில் மின்னழுத்தம் இருந்தால் அது ‘எனர்ஜைஸ்ட்’. அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் எதுவும் சொருகப்படாமல் இருக்கும் பிளக்பாயின்டின் சுவிட்சைப் போட்டுவைத்தால், மின்னோட்டம் இல்லை, ஆனால் மின்னழுத்தம் இருக்கிறது, தொட்டால் அடிக்கும். ரயில்வே அறிவிப்பு, ரயில் ஓடாத நேரத்திலும் கம்பியை அணுகாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதுவே. எனவே இதற்கு ‘மின்னோட்டம் பாய்கிறது’ என்று தமிழில் எழுதுவது துல்லியமாக இராது; ‘மின்னிணைப்பில் உள்ளது’, ‘மின்சாரம் ஏற்றப்பட்டுள்ளது’ போன்றவை பொருந்தும். ‘மின்னூட்டப்பட்டது’ என்று எழுதத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மின்னூட்டம்’ என்பது ‘சார்ஜ்’ என்ற இயற்பியல் கருத்துக்கு வைத்த பெயர் என்பதால், மாணவர் குழம்புவார்.

‘சார்ஜ்’ என்ற சொல்லிலும் ஒரு வளைவு உண்டு. பேட்டரியைச் சார்ஜ் செய்வது என்றால் அதற்குள் ஆற்றலைச் சேமிப்பது. ஆனால் இந்திய மின்வாரியப் பேச்சில் ‘லைன் சார்ஜ் பண்ணியாச்சு’ என்றால் கம்பிக்கு மின்சாரம் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். நூல்வழி ஆங்கிலத்தில் அதுவே ‘எனர்ஜைஸ்ட்’. வேலைக்காக ‘எல்.சி.’ (லைன் கிளியர், அதாவது மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்து தரும் அனுமதி) வாங்கிக் கம்பத்தில் ஏறிய பணியாளர் கீழே இறங்கி அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த லைன் மறுபடி சார்ஜ் ஆகக் கூடாது.

எதிர்ச்சொல் ‘டீ-எனர்ஜைஸ்’. இதைத் தமிழில் ‘பாதுகாப்பாக்கப்பட்டது’ என்று எவரும் பெயர்த்துவிடக் கூடாது. வழங்கல் துண்டிக்கப்பட்டது என்பதற்கு மேல் அச்சொல் எதையும் உறுதி செய்யவில்லை. கெப்பாசிட்டரில் சேமிப்பு மிச்சமிருக்கலாம். வேறு வழியாக மின்சாரம் திரும்பி வரலாம். துண்டித்தல், பூட்டுதல், மின்சாரம் இல்லையெனச் சோதித்தல், எர்த் செய்தல் ஆகிய அத்தனையும் முடிந்த பின்பே கை வைக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி மாணவர்கள் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சைப் பற்றிப் படிக்கும்போது இவ்வினையை நாள்தோறும் சந்திப்பார்கள். காயிலில் (கம்பிச்சுருளில்) மின்சாரம் செல்லும்போது அது மின்காந்தமாகி ஆர்மெச்சர் என்ற அசையும் இரும்புத் துண்டை இழுக்கும்; திறந்திருந்த காண்டாக்ட் மூடும், மூடியிருந்தது திறக்கும். ‘வென் தி காயில் இஸ் எனர்ஜைஸ்ட்’ என்ற தொடர் பாடத்தில் வந்தால், ‘காயிலுக்கு மின்சாரம் கிடைத்ததும்’ என்று எளிமையாகப் படித்துக்கொள்ளலாம்.

புள்ளிவிவரக் கையேடுகளில் ‘பம்ப்செட்ஸ் எனர்ஜைஸ்ட்’ என்று ஒரு பத்தி இருக்கும். மின் இணைப்புக் கொடுக்கப்பட்ட விவசாயப் பம்புசெட்டுகளின் எண்ணிக்கை அது. அந்தப் பம்புகள் இன்று ஓடுகின்றனவா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இதே வரிசையில் ‘எலெக்ட்ரிஃபை’ என்பதையும் பிரித்தறிய வேண்டும். ஒரு பாதையையோ ஊரையோ மின்சாரத்துக்கு மாற்றும் முழுத் திட்டம் ‘எலெக்ட்ரிஃபிகேஷன்’. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எல்லாம் முடிந்த பின் ஒரு நாள் சுவிட்சைப் போட்டு மின்சாரம் விடும் அந்தக் கட்டம் ‘எனர்ஜைசேஷன்’. சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான பாதை 1931இல் மின்மயமானது என்று எழுதும்போது ‘எலெக்ட்ரிஃபைட்’ என்றே எழுத வேண்டும்.

உறவுக்காரச் சொற்கள்

‘இன்விகரேட்’ என்பது லத்தீனின் ‘விகோர்’ என்ற உடல்வலுவிலிருந்து வந்தது. குளிர்காற்று, அருவிக்குளியல், மலையேற்றம் போன்றவற்றுக்கு அது இன்னும் அழகாகப் பொருந்தும். குற்றால அருவியில் நின்றுவிட்டு வந்தவர் தம் அனுபவத்தை ஆங்கிலத்தில் எழுதினால் ‘இன்விகரேட்டிங்’ என்று எழுதட்டும். ‘ரிஃப்ரெஷ்’ என்பதற்கு முன்னால் ஒரு களைப்போ தாகமோ இருந்திருக்க வேண்டும். ‘ரீவைட்டலைஸ்’ என்பதற்கு முன்னால் ஒரு நலிவு இருந்திருக்க வேண்டும். மூடும் நிலையிலிருந்த கைத்தறிச் சங்கத்தை மீட்டெடுப்பது அது.

‘மோட்டிவேட்’ தருவது காரணத்தை, ‘என்கரேஜ்’ தருவது துணிவை, ‘இன்ஸ்பையர்’ தருவது கனவை. இம்மூன்றும் ‘எனர்ஜைஸ்’ என்பதோடு நெருங்கி உறவாடினாலும், ஒருவரை ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யுமாறு ஊக்குவித்ததைச் சொல்லும்போது ‘எனர்ஜைஸ்’ சற்றுத் தளர்ந்துவிடுகிறது. ‘ஆசிரியர் என்னைப் போட்டியில் கலந்துகொள்ள ஊக்குவித்தார்’ என்பதற்கு ‘மை டீச்சர் என்கரேஜ்ட் மீ டு டேக் பார்ட்’ என்பதே இயல்பு.

‘கேல்வனைஸ்’ என்ற சொல்லின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி என்ற உடற்கூறியல் அறிஞர், இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு ஆராய்ந்து 1791இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் பெயரிலிருந்து பிறந்த வினை, அசைவற்றுக் கிடப்பவர்களைத் திடுக்கிட்டுச் செயலில் இறங்கச் செய்வதைக் குறிக்கிறது. எனவே ‘கேல்வனைஸ்’ என்பதில் ஓர் அதிர்ச்சி இருக்கும். பெரும்பாலும் ஒரு கெட்ட செய்தியோ அநீதியோ அதற்கு எழுவாயாக வரும். ‘எனர்ஜைஸ்’ என்பதில் பொதுவாக மகிழ்ச்சியின் சாயல் இருக்கும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நாம் ‘ஜி.ஐ. பைப்’ என்று சொல்வதிலுள்ள ‘ஜி’யும் அதே கால்வானிதான்.

ஒலியும் எழுத்தும்

முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும். ‘எ’ ஓங்கி ஒலிக்க, நடு அசை மெலிந்துவிடும். பிரிட்டன்காரர் நாவில் நடுவிலுள்ள ‘ர்’ கேட்பதேயில்லை. அமெரிக்கர் நாவில் கேட்கும். கடைசி ஒலி தமிழில் இல்லாதது: ‘ஸ்’ என்று காற்றை மட்டும் விடாமல், வண்டின் ரீங்காரம் போலத் தொண்டையும் அதிர வேண்டும். இறந்த காலத்திலும் அந்த அதிர்வு தொடர்வதால், இறுதியில் வருவது ‘டீ’ என்ற சொல்லில் உள்ள வல்லொலி அன்று, ‘டோர்’ என்பதில் உள்ள மெலிந்த ஒலி. ‘எனர்ஜெடிக்’ என்ற சொல்லில் அழுத்தம் மூன்றாம் அசைக்குத் தாவிவிடும்.

எழுத்துக்கூட்டலில் இறுதியில் ‘எஸ்’ போடுவதா ‘இசட்’ போடுவதா என்ற கேள்வி உண்டு. அமெரிக்காவில் ‘இசட்’ மட்டுமே. பிரிட்டனில் இரண்டும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ‘இசட்’ பக்கம், இந்திய நாளிதழ்கள் பெரும்பாலும் ‘எஸ்’ பக்கம். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாமல் இருந்தால் போதும். ஆனால் இந்தச் சலுகையை ‘அட்வைஸ்’, ‘எக்ஸர்சைஸ்’, ‘சர்ப்ரைஸ்’ போன்றவற்றுக்கு நீட்டிக்கக் கூடாது. அவற்றுக்கு எங்கும் ‘எஸ்’தான்.

பழகிப் பார்க்கச் சில வாக்கியங்கள்

விடையைப் பார்க்கும் முன் நீங்களே முயன்று பாருங்கள். ‘பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் தாத்தாவுக்குத் தனித் தெம்பு வந்துவிடும்.’ காரணம் எது என்று கேளுங்கள், பிள்ளைகளின் வருகை. ‘ஹிஸ் கிராண்ட்சில்ட்ரன்ஸ் விசிட்ஸ் எனர்ஜைஸ் ஹிம்.’ எழுவாய் பன்மை என்பதால் வினையின் இறுதியில் கூடுதல் ஒலி சேரவில்லை. ‘துணைமின் நிலையத்துக்கு நேற்று மின்சாரம் கொடுக்கப்பட்டது’ என்பது ‘தி சப்ஸ்டேஷன் வாஸ் எனர்ஜைஸ்ட் எஸ்டர்டே.’ இங்கே கொடுத்தவர் யார் என்பது முக்கியமில்லை, செயப்பாட்டுவினையே பொருத்தம்.

‘அவர் எப்போதும் சுறுசுறுப்பானவர்’ என்பதற்கு ‘எனர்ஜைஸ்ட்’ போட்டிருந்தால், இயல்பைச் சொல்லும் சொல் எது என்ற பகுதியை மீண்டும் படிக்க வேண்டும். கடைசியாக, எதிர்த்திசையில் ஒன்று: ‘தி நியூ கோச் ஹேஸ் எனர்ஜைஸ்ட் எ டயர்ட் டீம்.’ ‘புதிய பயிற்சியாளர் சோர்ந்த அணியை ஆற்றல்படுத்தியுள்ளார்’ என்று எழுதிவிட்டீர்களானால், அதை அடித்துவிட்டு, பெறுகிறவரை முன்னால் கொண்டுவந்து எழுதிப் பாருங்கள்: ‘துவண்டு கிடந்த அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்த பிறகு தெம்பு வந்திருக்கிறது.’